கியாஸ் இல்லாத சோடா

786

கல்மண்டபம், ராயபுரம், மதராஸ் 13
2-6-1950, வெள்ளிக்கிழமை

பினாங்கில் வியாபாரத்தில் சிறந்தும் பொறுமையில் அதைவிடச் சிறந்தும் விளங்குகிற என் மதிப்பிற்குரிய மச்சான் ஜனாப் அமீருதீன் அவர்களுக்கு, ராயபுரத்திலிருந்து மதார் சாகிப் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் நானும் உங்கள் தங்கை அஜீசுன்னிசாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நான் வாங்கிய சோடா மெஷினும் சுகம். வாங்கிய நாளிலிருந்து அது மொத்தம் மூன்றே தடவைதான் சுற்றியிருப்பதால் அதற்கு ஒரு நோய் நொடி வர வழியில்லை. அங்கே நீங்களும் உங்கள் வீட்டுக்காரி ஷம்ஷாத்தும் பிள்ளைகளும் எப்படியிருக்கிறீர்கள் என்று அறிய ஆவலாயிருக்கிறோம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. இந்தியா குடியரசாகிவிட்டது, சொந்தத் தொழில் செய்கிறவனுக்கு இனி நல்ல காலம் என்று அங்கே பத்திரிகையில் படித்ததாகவும், பினாங்குக் கடையை ஏறக்கட்டிவிட்டு வந்து என் சோடா கம்பெனிக்கு அடுத்த கதவில் ஒரு நன்னாரி சர்பத் கடை போட யோசிப்பதாகவும், நிலவரம் எப்படி என்று ஒளிக்காமல் எழுதும்படியும் கேட்டிருக்கிறீர்கள். பத்திரிகையில் போட்டது முழுக்க உண்மை. இங்கே தொழில் தொடங்குகிறவனை லைசென்ஸ் ஆபீஸில் லேசில் விட்டுவிட மாட்டார்கள். நாளைக்கு வா, திங்கட்கிழமை வா, அடுத்த மாதம் வா என்று அவர்கள் கூப்பிடுகிற பிரியத்தை நான் சொந்தக்காரர்களிடம்கூடக் கண்டதில்லை. ஒளிக்க வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஷம்ஷாத் சிரித்தால் சிரிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஹார்பரில் பதினாறு வருஷம் கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த நான் அந்த உத்தியோகத்தை ஏன் விட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். கள்ளுக்கடைகளை மூடிவிட்டார்கள், மூட்டை தூக்குகிறவன் வெயிலில் வந்து எதையாவது குடித்தாக வேண்டும், கல்மண்டபம் முனையிலிருந்து சோடாவுக்கு டோல்கேட்வரை போக வேண்டியிருக்கிறது, நாமே போட்டால் என்ன என்று நினைத்தேன். சர்க்கரை கண்ட்ரோலில் இருப்பதால் இனிப்புக் கலர் சோடா வேண்டாம், வெறும் கோலி சோடா மட்டும் என்று முடிவுசெய்தேன். மெஷின் சுற்ற வியாசர்பாடி ஜெயவேலையும், பாட்டில் கழுவத் தாயம்மாவையும் வேலைக்கு வைத்தேன். இருவரும் வேறு வேலையை விட்டுவிட்டு என்னை நம்பி வந்தவர்கள். சோடா என்பது வெயில் காலத்து வியாபாரம். கோடை முடிவதற்குள் கம்பெனியைத் திறந்தால் நான் பிழைத்தேன், திறக்காவிட்டால் மறுபடி ஹார்பர் வாசலில் போய் நிற்க வேண்டும், அங்கே என் இடத்தில் வேறொருவர் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பிப்ரவரி முதல் தேதி லைசென்ஸ் ஆபீஸில் மனுப் போட்டேன். அங்கே வரதன் என்று ஒரு குமாஸ்தா இருக்கிறார், தங்கமான மனிதர், யாரிடமும் முகம் கோணாமல் இல்லை என்று சொல்லக்கூடியவர். பாரத்தில், மெஷின் எதனால் ஓடுகிறது, நீராவியா, எண்ணெயா, மின்சாரமா என்று கேட்டிருந்தது. மூன்றையும் அடித்துவிட்டு ஜெயவேல் என்று எழுதினேன். அப்படி ஒரு வகை அட்டவணையில் கிடையாது, மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் வரதன். கையால் சுற்றுகிற மெஷினுங்க, பெரிய சக்கரம், ஒருத்தர் நின்று சுற்றுவார் என்று நடித்துக் காட்டினேன். அவர் யோசித்து, சக்கரத்துக்கு எண்ணெய் போடுவீர்கள் அல்லவா என்று கேட்டு, எண்ணெய் என்று எழுதிக்கொண்டார். எண்ணெயால் ஓடும் மெஷின் வைத்திருப்பவன் தீயணைப்புக்கு நாலு வாளி மணல் வைக்க வேண்டுமாம். வைத்தேன். அந்த மணலில் இப்போது தெருப்பூனை குடித்தனம் நடத்துகிறது.

மூன்று வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் தவசிமுத்து வந்தார். திருநெல்வேலிப் பக்கம். லஞ்சம் வாங்காதவர். வாங்குகிறவராக இருந்தால் மாசி மாதமே காரியம் முடிந்திருக்கும், எனக்கு வாய்த்தவர் யோக்கியர். சைக்கிள் மிதித்து வந்ததில் அவருடைய காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப ஆறு பாட்டில் மாதிரி வேண்டும், மாதிரிக்காக மட்டும் ஒரு தடவை மெஷினைச் சுற்ற அனுமதி உண்டு என்றார். ஜெயவேல் சுற்றினான். ஆறு பாட்டில் தயார். மச்சான், நம் பக்கத்தில் வாசலுக்கு வந்த மனிதர் கையில் சோடாவை மூடியபடியே நீட்டுகிற வழக்கம் உண்டா? நீயே கோலியை அமுக்கிக் குடித்துக்கொள் என்று சொன்ன மாதிரி ஆகாதா? பெரிய மனிதர் கையில் கொடுக்கிறோமே என்று கட்டைவிரலால் ஆறையும் டப் டப்பென்று உடைத்து வரிசையாக வைத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை.

அவர் ஒன்றையும் தொடவில்லை. மாதிரியைக் குடிக்கக் கூடாதாம். ஐயோ, உடைத்துவிட்டேனே, வேறு ஆறு போட்டுத் தருகிறேன் என்றேன். ஒரு தடவை சுற்றத்தான் அனுமதி, சுற்றியாகிவிட்டது, "ரசீதுலயும் ஆறுன்னு எழுதியாச்சு பாத்துக்கிடுங்க" என்றார். தவிர, கோலி உள்ளே விழுந்து வாய் திறந்திருப்பதே நல்லது, துணி கட்டி அரக்கு வைக்க வசதியாயிருக்கிறது என்று சந்தோஷமும் பட்டார். பாட்டில்களின் வாயில் துணி, துணி மேல் அரக்கு, அரக்கு மேல் முத்திரை. அடக்கம் செய்யப் போகிற ஒரு மையித்தைக்கூட அவ்வளவு பக்குவமாக யாரும் கட்டமாட்டார்கள். உள்ளே இருந்த உயிர் அதற்கு முன்பே போய்விட்டது.

ஆறு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. மாதிரி நிறமற்ற, மணமற்ற, சுவையற்ற திரவம், கியாஸ் அறவே இல்லை, எல்லா விதத்திலும் தண்ணீரை ஒத்திருக்கிறது. ஆகையால் இது சோடா அல்ல, ஆகையால் சோடா லைசென்ஸுக்கு உம்முடைய மனுவைக் கவனிக்க இடமில்லை, மேலும் தண்ணீரைச் சோடா என்று பொதுமக்களிடம் விற்க முயன்றதற்கு உம்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஏழு நாளில் சமாதானம் எழுதவும், போர்டிலிருந்து சோடா என்ற வார்த்தையை உடனே எடுக்கவும். எடுத்தேன். மதார் சோடா கம்பெனி என்று எழுதியிருந்த போர்டில் நடு வார்த்தையின் மேல் சுண்ணாம்பு அடித்தேன், கப்பல் கம்பெனி மாதிரி மதார் கம்பெனி என்று மிஞ்சியது. அன்று சாயங்காலமே ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்து ரங்கூன் கப்பலுக்கு டிக்கெட் இங்கேதானா என்று கேட்டது. அந்தக் கப்பலில் நானே ஏறிப் போய்விடலாமா என்று இருந்தது.

வரதனிடம் ஓடினேன். உடைத்த சோடாவில் கியாஸ் எப்படி ஐயா நிற்கும் என்று கேட்டேன். அவர் பொறுமையாக, இரண்டாவது மாதிரிக்குத் தனி மனு எழுதச் சொன்னார். எழுதினேன். தவசிமுத்து மறுபடி வந்தார், ஜெயவேல் மறுபடி சுற்றினான், இந்தத் தடவை என் கட்டைவிரலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நின்றேன். பாட்டில்கள் கோலி மேலே நிற்க முழுக் கியாஸோடு போயின. பரிசோதனைச் சாலையில் கோலி சோடாவை அரக்கோடு திறந்து பழக்கமில்லை போலிருக்கிறது. யாரோ பேனாக்கத்தியால் அரக்கைக் குத்தி எடுத்திருக்கிறார், கோலி உள்ளே விழுந்திருக்கிறது, சோடா சீறிப் பாய்ந்து அவருடைய மூக்குக்கண்ணாடியையும் முதல் ரிப்போர்ட்டையும் நனைத்திருக்கிறது. கியாஸ் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது, அபாயகரமானது என்று இரண்டாவது ரிப்போர்ட் வந்தது.

இப்போது வரதன் முன்னால் இரண்டு ரிப்போர்ட். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பாய், ரெண்டும் ஆபீஸ் ரிப்போர்ட்டு, ரெண்டும் நெசம். இதுல நீங்க தயார் பண்றது எதுன்னு எழுதிக் குடுங்க." நான் சொன்னேன், ஐயா, இரண்டும் ஒரே சரக்குதான், ஒன்று உடைத்தது, ஒன்று உடைக்காதது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் சரக்கு இரண்டு, மனுவும் இரண்டு என்றார். கியாஸ் உள்ளதற்கான மனு மேல் ஆபீசுக்குப் போக வேண்டும், நாளாகும். கியாஸ் இல்லாததற்கு உடனே வழியிருக்கிறது, தண்ணீரை விற்கத்தான் லைசென்ஸ் கிடையாது, இலவசமாகக் கொடுக்க அனுமதி உண்டு, தண்ணீர்ப் பந்தல் என்று போட்டால் நாளைக்கே கையெழுத்து, ஒரே கட்டடத்தில் ஒரு அனுமதி இருந்தால் அடுத்தது சுலபம் என்றார். கோடை பாதி போய்விட்டது. ஏதாவது ஒரு கதவு திறந்தால் சரி என்று கையெழுத்துப் போட்டேன். மச்சான், புத்தியுள்ளவன் செய்கிற காரியமா இது என்று உங்கள் தங்கை கேட்டாள்.

மே பதினைந்தாம் தேதி என் சோடா கம்பெனி தண்ணீர்ப் பந்தலாகத் திறக்கப்பட்டது. வார்டு மெம்பர் வந்து திறந்துவைத்தார். அவருக்கு மாலை நான் வாங்கினேன், அவர் அதை என் கழுத்தில் போட்டு, ராயபுரத்தின் வள்ளல் என்றார். அனுமதிச் சீட்டின் பின்பக்கத்தை நான் படித்தது அதற்குப் பிறகு. ஜூன் கடைசிவரை தினமும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பந்தல் திறந்திருக்க வேண்டும், ஒரு நாள் மூடுவதானாலும் மூன்று நாள் முன்னதாகக் காரணம் எழுதித் தர வேண்டும். மெஷின் சுற்ற வந்த ஜெயவேல் அன்றிலிருந்து பானையில் மொண்டு மொண்டு ஊற்றுகிறான். பாட்டில் கழுவ வந்த தாயம்மா லோட்டா கழுவுகிறாள். வண்டிக்காரன், கட்டுமரக்காரன், ரிக்ஷாக்காரன், ஹார்பரில் என்னோடு இருந்தவர்கள் எல்லாரும் வயிறு முட்டக் குடித்துவிட்டு, நல்லாயிரு சாயபு என்று வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். எனக்கு அழுகை வருகிறது. பின்னால் கோணி போட்டு மூடிய மெஷின் இருக்கிறது, முன்னால் நான் தர்மம் செய்துகொண்டிருக்கிறேன். நோன்புக்குள்ளே கம்பெனி திறக்கவில்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று ஜெயவேலும் தாயம்மாவும் சொல்லிவிட்டார்கள். அவர்கள் வூட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே, அவர்களைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் உச்சம். நடுப்பகல், தார்ரோடு இளகிக்கொண்டிருந்தது. பந்தலில் லோட்டாக்கள் சுத்தமாயிருக்கின்றனவா என்று சோதிக்கத் தவசிமுத்து வந்தார். ஒவ்வொரு லோட்டாவாகத் தூக்கி வெயிலில் காட்டிப் பார்த்தார். உதடு வறண்டு வெடித்திருந்தது. ஒரு வாய் குடியுங்கள் ஐயா, தண்ணீர்தானே, ஊரே குடிக்கிறது என்றேன். மனு விசாரணையிலிருக்கும்போது மனுதாரர் கையால் தண்ணீர் குடிப்பது முறையில்லை என்று மறுத்து, முப்பத்தோராவது லோட்டாவைத் தூக்கியவர் அப்படியே சரிந்து விழுந்தார்.

நம் ஊரில் வண்டி மோதி விழுந்தாலும் பசியில் விழுந்தாலும் முதலில் சொல்லுகிற வார்த்தை ஒன்றுதானே. சோடா கொண்டா, சோடா கொண்டா என்று நாலு பக்கமும் கத்தினார்கள். முகத்தில் பானைத் தண்ணீரை அடித்துப் பார்த்தார்கள், கண் திறக்கவில்லை. டோல்கேட்டுக்கு ஓடிப் போய் வாங்கி வருவதற்குள் என்ன ஆகுமோ. அப்புறம் கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. மெஷினைச் சுற்றினால் லைசென்ஸ் இல்லாமல் சோடா தயாரித்த குற்றம், நாலு மாதம் நடந்த நடை அத்தனையும் பாழ், இனி ஜென்மத்துக்கும் கம்பெனி கிடையாது. சுற்றாவிட்டால் என் வாசலில் ஒரு மனிதர் கிடக்கிறார், பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்.

ஜெயவேல் ஏற்கெனவே கோணியை எடுத்துவிட்டு சக்கரத்தில் கை வைத்துக்கொண்டிருந்தான். "சுத்தட்டுமா வாணாமா, சொல்லு சாயபு. அந்தாளு மூஞ்சி வெளுத்துகினே போவுது."

சுற்று என்றேன். இரண்டு பாட்டில் போட்டான். ஒன்றை உடைத்து முகத்தில் அடித்தேன், இன்னொன்றைத் தாயம்மா அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு வாயில் ஊற்றினாள். பாதி உள்ளே போனதும் மனிதர் கண்ணைத் திறந்தார், எழுந்து உட்கார்ந்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், பிறகு ஒரு ஏப்பம் விட்டார். அப்படி ஒரு ஏப்பத்தை நான் கேட்டதில்லை, டிராமுக்கு நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தாயம்மாதான் சொன்னாள். "கியாஸ் கீதுப்பா. எய்திக்க."

எழுதிக்கொண்டார் மச்சான். நனைந்த சட்டையோடு உட்கார்ந்து மூன்று தாள் எழுதினார். முதல் தாளில், மனுதாரரின் சோடாவில் சரியான அளவு கியாஸ் இருப்பதைத் தாமே நேரில் அனுபவித்து அறிந்ததாகவும், லைசென்ஸ் கொடுக்கலாம் என்றும் சிபாரிசு. இரண்டாவது தாளில், மே முப்பதாம் தேதி பகல் பன்னிரண்டே முக்காலுக்கு மதார் சாகிப் லைசென்ஸ் இல்லாமல் மெஷினைச் சுற்றி இரண்டு பாட்டில் சோடா தயாரித்ததாகவும், அதற்குத் தாமே சாட்சி என்றும் குற்றச்சாட்டு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உயிரைக் காத்திய, மறக்கமாட்டேன். அது வேற, இது வேற" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. அதோடு விட்டாரா? இரண்டு பாட்டில் சோடாவுக்கும் விலை கொடுக்காமல் போனால் அது லஞ்சமாகிவிடும் என்று வற்புறுத்திக் காசைக் கையில் திணித்தார். யோக்கியர் மனம் நோகக் கூடாதே என்று வாங்கிக்கொண்டேன். உடனே லைசென்ஸ் இல்லாமல் விற்றதற்கு மூன்றாவது தாள்.

மூன்றும் இப்போது வரதன் மேஜையில் இருக்கின்றன. குற்றச்சாட்டு தீருகிறவரை சிபாரிசைக் கவனிக்க முடியாதாம். சிபாரிசு முடிவாகிற வரை குற்றம் குற்றமா என்று சொல்ல முடியாதாம். ஆகவே மச்சான், நிலவரம் கேட்டீர்களே, இதுதான் நிலவரம். சர்பத் கடை ஆசையை விட்டுவிடுங்கள். நன்னாரி வேர் மூலிகையா, உணவா, விறகா என்று கேட்பார்கள், மூன்றுக்கும் மூன்று மனு. சர்க்கரைக்கு ஒன்று, ஐஸுக்கு ஒன்று, எலுமிச்சம்பழத்துக்கு ஒன்று. பினாங்கில் சாப்பிடுகிற கஞ்சியை நிம்மதியாகச் சாப்பிடுங்கள். நம் ஜனங்கள் உழைக்கத் தயாராயிருக்கிறார்கள், உழைக்க விடமாட்டேன் என்று ஒரு கட்டடம் கட்டி அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதை நான் வயிறெரிந்து எழுதுகிறேன்.

உங்களுக்கும் ஷம்ஷாத்துக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், நிறைந்த பரக்கத்தையும், எந்த ஆபீஸ் படியையும் மிதிக்காத பாக்கியத்தையும் தருவானாக. வருகிற நோன்பில் எனக்காக துஆச் செய்யுங்கள். பெரியவர்களுக்கு என் சலாமும் சின்னவர்களுக்கு என் அன்பும் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்
மதார் சாகிப்

பின்குறிப்பு, 13-6-1950: உங்கள் தங்கை இரண்டு வரி எழுதுவாள் என்று இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன், நல்லதாகப் போயிற்று. போன வாரம் ஆபீசுக்குப் புதிதாக ஒரு மேலதிகாரி வந்தார். மூன்று தாளையும் படித்துச் சிரித்தாராம், சிபாரிசில் கையெழுத்துப் போட்டாராம், மற்ற இரண்டுக்கும் எச்சரிக்கை போதும் என்று எழுதினாராம். லைசென்ஸைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். மூன்று நாளாக ஜெயவேலுக்குக் கை ஓயவில்லை, ஹார்பர் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். மேலே எழுதியிருப்பதெல்லாம் ஏதோ கோபத்தில் எழுதியது, அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். நிதானமாக யோசித்துப் பார்த்தால் ஆபீஸ்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கட்டுப்பாடு என்று ஒன்று இல்லாவிட்டால் கண்டவனும் கடை போட்டுவிடுவான்.

நோன்புக்கு இன்னும் நாலைந்து நாள்தான். நோன்பு திறந்ததும் தெருவே தாகத்தோடு வரும், அந்த நேரத்தில் சோடா கம்பெனிக்கு அடுத்த கதவில் சர்பத் கடை இருப்பது பொதுஜன ஆரோக்கியத்துக்கு எவ்வளவு கேடு என்பது உங்களுக்கே தெரியும். ஈ மொய்க்கும். ஆகவே அந்த இடத்தில் யாருக்கும் அனுமதி தரக் கூடாது என்று கல்மண்டபம் பொதுமக்கள் சார்பில் நேற்று ஒரு மனுக் கொடுத்திருக்கிறேன். பொதுமக்கள் என்றால் நானும் ஜெயவேலும், தாயம்மா கைநாட்டும். வரதன் மிகவும் நல்லவர், இது பைசலாக எப்படியும் ஒன்றரை வருஷம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை மச்சான், நீங்கள் குடும்பத்தோடு வாருங்கள், வந்து எத்தனை மாதம் வேண்டுமானாலும் விருந்தாளியாக இருங்கள். மனுவின் நகலை உங்கள் தங்கை படித்துவிட்டாள். நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, சோற்றை டங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். நீங்கள் அவளுக்குத் தனியாக இரண்டு வரி எழுதிச் சமாதானம் சொன்னால் நன்றாயிருக்கும். நீங்கள் சொன்னால் கேட்பாள்.